ஆமைத்தலையும் ரப்பர் வளையமும்: ரங்கூனில் ஒரு மூல நோய் நிகழ்வு ஆய்வு

இந்த நோயாளியிடம் முதலில் தென்பட்ட அறிகுறி இரத்தம் அல்ல. இருபது வருடமாகத் தவறாமல் தீமிதித்த மனிதர், அடுத்தடுத்து இரண்டு வருடம் காப்புக் கட்டப் பெயர் கொடுக்கவில்லை. "வயசாயிடுச்சு, காலு தாங்கல" என்று கோயில்காரர்களிடம் சொல்லிவிட்டார். அவருடைய மனைவி அதை நம்பவில்லை. லுங்கிகளைத் தானே துவைத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கும் கணவனைச் சந்தேகிக்க அவருக்குக் காரணம் இருந்தது. ஒருநாள் வாளியில் ஊறிக்கொண்டிருந்ததை எடுத்துப் பார்த்தார். மறுநாள் மாலை இருவரும் என் கிளினிக்கில் இருந்தார்கள்.

நான் ரங்கூன் நகரத்துக்குள் மாலை நேரத்தில் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர். வருகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். மூலம் இங்கே அன்றாட நோய். எழுதி வைக்கிற அளவுக்கு அபூர்வம் இல்லை. ஆனாலும் இந்த ஒருவரிடம் கூச்சம், போலி ஊசி, இரத்தச்சோகை, லேசர் ஆசை எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வந்த கதை

வயது 52. காளி கோயில் பக்கத்துச் சந்து ஒன்றில் தோசைக் கடை. விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினால் பகல் ஒரு மணி வரை கல்லுக்கு முன்னால் நின்ற நிலை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை இல்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதுவும் இல்லை. இந்தக் கடைசி விவரம் பிறகு தேவைப்படும்.

"சயாமா, ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தார். பெண் மருத்துவரை இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன விஷயம் என்று சொல்லி வருகிறவர்களை நான் கடைசி நோயாளியாக உட்கார வைப்பது வழக்கம். பேச நேரம் வேண்டும். மனைவி சும்மா இருக்கவில்லை. "மூணு வருசமா ரத்தம் போகுதாம் சயாமா. என்கிட்டக்கூட சொல்லல." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, தமிழை விட்டுவிட்டுப் பர்மியச் சொல்லில் சொன்னார்: "லெய்க்கௌங்."

இதை நான் பலரிடம் கவனித்திருக்கிறேன். வீட்டு மொழியில் சொல்லக் கூசுவதைக் கடைத்தெரு மொழியில் சொல்லிவிடுகிறார்கள். லெய்க்கௌங் என்றால் ஆமைத்தலை. வெளியே எட்டிப் பார்க்கும், தொட்டால் உள்ளே போகும். நம் 'மூலம்' என்ற சொல்லைவிட நோயை நன்றாகப் படம்பிடிக்கிற பெயர் என்பது என் கருத்து. மூலம் என்றதும் நம் ஆட்களுக்கு உடம்பின் வேரிலேயே ஏதோ கெட்டுவிட்டது, சூடு ஏறிவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஆமைத்தலை என்றால் பயம் குறைவு. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்பதும் சுலபம். தலை உள்ளேயே இருக்கிறதா, வெளியே வந்து தானாகப் போகிறதா, விரலால் தள்ள வேண்டியிருக்கிறதா, தள்ளினாலும் போவதில்லையா? அறுவை மருத்துவர்கள் கோலிகர் பெயரால் சொல்லும் நான்கு படிநிலைகளும் இவ்வளவுதான்.

இவருடையது விரலால் தள்ளும் நிலை. மூன்று வருடமாக மலம் கழித்த பின் பளிச்சென்ற சிவப்பில் இரத்தம். ஆரம்பத்தில் சொட்டு, கடைசி ஆறு மாதமாகப் பீங்கானில் தெறிக்கும் அளவுக்கு. வலி இல்லை. வலி இல்லாததுதான் தள்ளிப்போட வைத்தது. எடை குறையவில்லை, மலத்தின் பருமன் மாறவில்லை, சளி போகவில்லை, குடும்பத்தில் யாருக்கும் குடல் புற்றுநோய் இல்லை.

வீடு ஐந்தாவது மாடியில். மின்தூக்கி கிடையாது. போன மழைக்காலம் வரை ஒரே மூச்சில் ஏறியவர், இப்போது மூன்றாவது மாடியில் நின்று இளைப்பாறுகிறார். மாவு குண்டாவைத் தூக்கப் பையனைக் கூப்பிடுகிறார். மனைவி இன்னொன்று சொன்னார். புகாராகச் சொன்னது, எனக்குத் துப்பாகிவிட்டது. "ஊற வச்ச அரிசிய அள்ளி அள்ளி மெல்லுறாரு. ஆட்டறதுக்கு முன்னாடி கால்படி கொறஞ்சுடுது." இரும்புச்சத்து வற்றிப்போன உடம்பு பச்சை அரிசி, மண், பனிக்கட்டி என்று தேடும். தோசைக் கடைக்காரருக்கு அரிசிதானே கையில் கிடைக்கும்.

இடையில் நடந்த மருத்துவம்

இரண்டு வருடத்துக்கு முன் இவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு 'ஊசிக்காரரிடம்' போயிருக்கிறார். அறுக்காமல், ஆஸ்பத்திரியில் படுக்காமல், மூன்றே ஊசியில் உதிர்ந்துவிடும் என்ற பேச்சு. என்ன மருந்து என்று சொல்லவில்லை, சீட்டும் தரவில்லை. இரண்டாவது ஊசிக்குப் பின் மூன்று வாரம் உட்கார முடியாத வலி, சீழ், காய்ச்சல். கடையை மூடிவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்கல்யாணம் என்று கதை கட்டியிருக்கிறார். அதோடு ஊசி என்றாலே மிரட்சி.

ஊசி மருத்துவத்தையே பழிக்க வேண்டியதில்லை. பாதாம் எண்ணெயில் கரைத்த 5 சதவீத பீனால் பல ஆண்டுகளாக முறையான மருத்துவத்தில் இருந்து வருகிறது. இப்போது நுரையாக்கிய பாலிடோகனால் வந்திருக்கிறது. சிறிய உள்மூலத்துக்கு உதவும். மருந்து எது, எவ்வளவு, எந்த ஆழத்தில் என்பதுதான் கேள்வி. சவ்வுக்கு அடியில் நிற்க வேண்டியது தசைக்குள் இறங்கினால் திசு அழுகும். ஆணுக்கு முன்பக்கம் ஆழமாகப் போனால் புராஸ்டேட்டையே தொட்டுவிடும்.

அதற்குப் பின் மருந்துக்கடையில் 'ரத்த மாத்திரை' வாங்கிச் சாப்பிட்டார். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், பலருக்கு இறுக்கியும் விடும். மலம் இறுகியது, முக்கினார், இரத்தம் அதிகமானது, இன்னும் இரண்டு மாத்திரை கூட்டினார். இந்தச் சுழலில் ஆறு மாதம் போயிருக்கிறது.

என் பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் இரத்த அழுத்த மாத்திரைக்காக இவர் என்னிடம் குறைந்தது நான்கு முறை வந்திருக்கிறார். கையில் பட்டையைச் சுற்றினேன், எண்ணை எழுதினேன், அனுப்பினேன். "வெளிக்கி ஒழுங்கா போகுதா அண்ணே?" என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். பெண் மருத்துவரிடம் அவர் தானாக வாய் திறக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல.

பரிசோதனை

கண் இமையின் உட்புறம் வெளிறி, நாக்கு வழுவழுப்பாக இருந்தது. நாடி நிமிடத்துக்கு 104. வயிற்றில் கட்டி இல்லை.

ஆசனவாய்ப் பரிசோதனை என்றதும் மனைவி, "ஆம்பள டாக்டர்கிட்ட போயிடலாமா" என்றார். முடிவை அவரிடமே விட்டேன். எங்கள் கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் தம்பி கூட நிற்பார், இடுப்பு வரை போர்வை இருக்கும், வலித்தால் உடனே நிறுத்துவேன், மொத்தமே ஐந்து நிமிடம் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சயாமாவே பாருங்க. இன்னொருத்தர்கிட்ட மறுபடி முதல்ல இருந்து சொல்லணும்" என்றார்.

இடது பக்கமாகப் படுக்க வைத்துப் பார்த்ததில் வெளியே பின்புறம் ஒரு தோல் மடிப்பு. வெடிப்பு இல்லை, பௌத்திரத் துளை இல்லை. விரல் பரிசோதனையில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, புராஸ்டேட் வழுவழுப்பு. ஆசனவாய்க்குள் பார்க்க உதவும் புராக்டோஸ்கோப் குழலில் மூன்று மெத்தைகளும் தெரிந்தன. மல்லாந்து படுத்தவரின் ஆசனவாயைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் 3, 7, 11 மணி இடங்கள். 11 மணியில் இருந்தது பெரியது, முக்கச் சொன்னபோது வெளியே வந்து நின்றது: மூன்றாம் நிலை. மற்ற இரண்டும் இரண்டாம் நிலை. 7 மணிக்குப் பக்கத்தில் வெண்மையான தழும்பு, ஊசிக்காரரின் கையெழுத்து.

மெத்தை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். ஆசனவாய்க்குள் இரத்த நாளங்களும் தசை இழைகளும் சேர்ந்த மூன்று மெத்தைகள் பிறவியிலேயே எல்லோருக்கும் உண்டு. காற்றும் நீரும் கசியாமல் வாயை மூடி வைப்பது இவற்றின் வேலை. இவற்றைத் தாங்கிப் பிடிக்கும் இழைகள் தளர்ந்து மெத்தை கீழே சரிவதுதான் மூலம் என்று பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் தாம்சன் 1975இல் தெளிவாகக் காட்டினார். காலில் நரம்பு சுருண்டு புடைப்பது மாதிரி இது ஒரு வீங்கிய நரம்பு என்ற பழைய விளக்கம் அதோடு பின்னுக்குப் போனது. சரிந்ததைத் தூக்கி ஒட்டவைத்தால் போதும் என்றால், எல்லாவற்றையும் அறுத்தெறிய வேண்டிய அவசியம் என்ன? இன்றைய நுண்துளை, தழும்பில்லா முறைகள் அத்தனையும் அந்தக் கேள்விக்கு வெவ்வேறு ஆட்கள் சொன்ன பதில்கள்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6. ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன் 68. சாதாரணமாக 80க்கு மேல் இருக்க வேண்டும். பர்மாவில் சிறுத்த சிவப்பணு என்றதும் இரும்புக் குறைவு என்று கையெழுத்துப் போட்டுவிட முடியாது. இந்த மண்ணில் ஹீமோகுளோபின் ஈ என்ற பிறவி மாற்றம் பரவலானது, தலசீமியாவும் உண்டு. இவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி பர்மியப் பெண். அதனால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தேன்: 6. இரும்புக் கிடங்கு காலி, சந்தேகமில்லை. கொக்கிப்புழு முட்டை மலத்தில் இல்லை.

பெருங்குடலைப் பார்க்க வேண்டுமா

இந்த நிகழ்வில் அதிக நேரம் வாக்குவாதம் நடந்தது இதில்தான். "கண்ணுக்கு முன்னாடி மூலம் தெரியுது, அதுல இருந்து ரத்தம் வருது. அப்புறம் எதுக்கு குடல் முழுக்க குழாய் விடணும்?" என்றார் மனைவி. நியாயமான கேள்வி. என் பதில்: மூலம் இருக்கிறவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. மூலம் இவ்வளவு சர்வசாதாரணம் என்பதாலேயே அது மற்ற நோய்களுக்கு நல்ல மறைவிடம். மூலத்திலிருந்து இரத்தம் சொட்டுவது சகஜம்; ஹீமோகுளோபின் 7.6க்கு இறங்கும் அளவு போவது அத்தனை சகஜமில்லை. 52 வயது, இரும்புக் குறைவுச் சோகை. இந்த இரண்டும் சேர்ந்தால் குடலைப் பார்க்காமல் விடுவது தவறு. நோய்க்குறியே இல்லாதவர்களுக்குக்கூட 45 வயதிலிருந்து பரிசோதனை ஆரம்பிக்கலாம் என்று அமெரிக்கப் பரிந்துரைக் குழு 2021இல் வயதைக் குறைத்துவிட்டது.

கொலோனோஸ்கோப்பி, மேல் வயிற்று எண்டோஸ்கோப்பி இரண்டும் நடந்தன. இரண்டிலும் குறையில்லை.

"அப்ப வீண் செலவுதானே?" என்று அந்த அக்கா கேட்டார். இல்லை என்றேன். இரத்தம் மூலத்திலிருந்துதான் வருகிறது என்று இப்போது தெரிகிறது. அதற்கு முன்னால் அது ஊகம்தான். அவர் முகம் தெளியவில்லை. இன்றுவரைக்கும் அந்தச் செலவை என் கணக்கில்தான் வைத்திருக்கிறார்.

லேசர் வேண்டும் என்றார்

தாய்லாந்தில் வேலை பார்க்கும் மருமகன் ஒரு காணொளி அனுப்பியிருக்கிறார். வெட்டு இல்லை, தையல் இல்லை, பத்து நிமிடம், அன்றே வீடு. கடைக்காரர் அதை என்னிடம் மூன்று தடவை போட்டுக் காட்டினார். "செலவ பத்தி யோசிக்காதீங்க சயாமா. புதுசா இருக்கறத செஞ்சிடலாம்."

நான் அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மூல அறுவை என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் நடுங்குவது 1937இல் லண்டனில் மில்லிகனும் மார்கனும் வகுத்துத் தந்த முறையை நினைத்து. மூன்று மெத்தைகளையும் வெட்டி எடுத்துப் புண்ணைத் திறந்தே விடுவார்கள்; தானாக ஆற வேண்டும். வலி கொடுமையானது, இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆனால் நான்காம் நிலைக்கும், உள்மூலமும் வெளிமூலமும் கலந்த பெரிய கட்டிக்கும் அது இன்றைக்கும் கைகொடுக்கிறது. திரும்ப வருவது அதில்தான் குறைவு.

1998இல் இத்தாலியின் லோங்கோ வட்ட ஸ்டேப்ளரைக் கொண்டுவந்தார். மூலத்தைத் தொடாமல், அதற்கு மேலே இருக்கும் தளர்ந்த சவ்வை வளையமாக வெட்டிப் பின்னடித்து, சரிந்ததை மேலே இழுத்துவிடுவது. வலி குறைவு என்று கொண்டாடினார்கள். பிறகு பிரிட்டனில் 777 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. முதல் சில வாரம் ஸ்டேப்ளருக்கு வலி குறைவுதான். இரண்டு வருடம் போனதும், பழைய வெட்டு முறைக்காரர்களின் வாழ்க்கை நன்றாக இருந்தது, மூலம் திரும்பியதும் அவர்களுக்குக் குறைவு.

1995இல் ஜப்பானின் மொரினாகா, டாப்ளர் ஒலியால் மெத்தைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியைக் கண்டுபிடித்துத் தையல் போட்டுக் கட்டும் முறையைச் சொன்னார். நல்ல யோசனை. மயக்க மருந்தும் தனிக் கருவியும் வேண்டும்.

லேசர் இந்த வரிசையில் கடைக்குட்டி. சின்னத் துளை வழியாக மெல்லிய இழையை மெத்தைக்குள் செலுத்தி, பெரும்பாலும் 1470 நானோமீட்டர் அலைநீள ஒளியால் உள்ளுக்குள்ளேயே சுட்டுச் சுருங்க வைக்கிறார்கள். வெட்டு முறையைவிட வலி குறைவு என்பது உண்மை. அதைக் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் முதுகுத்தண்டு ஊசியோ மயக்கமோ தேவை, செலவு பல மடங்கு, நீண்ட கால முடிவுகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. நன்றாகத் துருத்தி வெளியே வரும் மூலத்துக்கு அது வெட்டு முறைக்கு ஈடில்லை.

இவருக்கு நான் சொன்னது 1963இல் டெட்ராய்ட் நகரத்தில் பாரன் என்ற அறுவை மருத்துவர் செம்மைப்படுத்திய ரப்பர் வளையம். உறிஞ்சு கருவியால் மெத்தையின் மேற்பகுதியைக் குழலுக்குள் இழுத்து, அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். இரத்தம் நின்று அந்தத் துண்டு ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்துவிடும். அந்த இடத்துப் புண் ஆறும்போது மெத்தையைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். மயக்கம் வேண்டாம், ஏனென்றால் ஆசனவாய்க்குள் சவ்வும் தோல் பகுதியும் சந்திக்கும் பல்வரிசைக் கோட்டுக்கு மேலே உள்ள சவ்வுக்கு ஊசி குத்தும் வலி தெரியாது. கோட்டுக்குக் கீழே விழுந்தால் மட்டும் உயிர் போகிற வலி.

"அறுபது வருசப் பழசா?" என்று கேட்டார். ஆமாம், உங்கள் தோசைக்கல் எவ்வளவு பழசு என்று திருப்பிக் கேட்டேன். சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அவரை அசைத்தது வேறு. வளையத்துக்கும் டாப்ளர் கட்டுக்கும் போட்டி வைத்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு 2016இல் வந்தது. ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தது வளையக்காரர்களில் 49 சதவீதம், தமனி கட்டியவர்களில் 30 சதவீதம். இதை மறைக்காமல் சொன்னேன். பாதிக்குப் பாதி திரும்ப வரலாம். வந்தால் இன்னொரு வளையம் போடலாம். அப்படி மறுபடி போட்டதையும் கணக்கில் சேர்த்தால் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது, வலியும் செலவும் வளையத்துக்கே குறைவு. "திரும்ப வரும்னு சொல்ற ஒரே ஆளு நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, சரி என்றார்.

முன்னேற்பாடு

உடனே வளையம் போட அனுப்பவில்லை. ஹீமோகுளோபின் 7.6இல் ஒரு சின்ன இரத்தக்கசிவுகூடப் பெரிய விஷயமாகிவிடும். மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நரம்பு வழியாக இரும்பு சுக்ரோஸ் 200 மில்லிகிராம் வீதம் மூன்று வாரத்தில் ஐந்து தவணை என்று முடிவு செய்தேன். ஊசி என்றதும் எழுந்துவிட்டார். மருந்துப் பெட்டியை அவர் கையில் கொடுத்து, பெயரை எழுத்துக் கூட்டி அவரையே படிக்க வைத்தேன். காலிக் குப்பிகளையும் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஏமாந்தவருக்குச் சீட்டு ஒரு மரியாதை.

அந்த மூன்று வாரமும் மலத்தை இளக்கும் வேலைக்குப் போனது. இசப்கோல் உமி இரவில் ஒரு மேசைக்கரண்டி, பெரிய குவளைத் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே அடைக்கும். இரத்தம் இப்போதே குறைய ஆரம்பித்தது. இது தற்செயல் இல்லை. நார்ச்சத்து கொடுத்த ஏழு ஆய்வுகளைச் சேர்த்து 378 பேரிடம் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, இரத்தப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைவதாகச் சொல்கிறது. லேசர் விளம்பரத்தில் வரும் எந்தக் கருவிக்கும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் கிடையாது.

வளையம்

எனக்குப் பழக்கமான அறுவை மருத்துவர் ஒருவர் வெளிநோயாளி அறையில் செய்தார். நான் கூட இருந்தேன். 11 மணிக்கு ஒன்று, 3 மணிக்கு ஒன்று. தழும்பு இருந்த 7 மணியை அன்றைக்குத் தொடவில்லை. மொத்தம் ஏழெட்டு நிமிடம். வலித்ததா என்றால் "வலியில்ல, வெளிக்கி வர்ற மாதிரியே இருக்கு" என்றார். பெரும்பாலானவர்கள் சொல்வது இதுதான். அந்த உணர்வை நம்பிக் கழிப்பறையில் போய் முக்கினால் வளையம் கழன்றுவிடும். எழுந்து நின்றதும் கண்ணைக் கட்டி, வியர்த்து, உட்கார்ந்துவிட்டார். இதுவும் எதிர்பார்த்ததுதான். கால்களை உயர்த்தி வைத்துக் கால் மணி நேரத்தில் சரியானது.

மூன்றாம் நாள் கல்லுக்கு முன்னால் நின்றார். ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு என் கைபேசி அடித்தது. "சயாமா, ஒரு டம்ளர் ரத்தம்." நேரில் பார்த்தபோது அரை டம்ளர் இருக்கலாம், நாடியும் அழுத்தமும் சரியாக இருந்தன, ஒழுக்கும் நின்றிருந்தது. துண்டு உதிரும் நேரம் அது. வளையம் போட்ட இரண்டாவது வாரத்தில் சிலருக்கு இப்படி வரும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆபத்தாகலாம் என்பதால்தான் முதல் நாளே அதைக் கேட்டது. நான் முன்கூட்டிச் சொல்லியிருந்தும் அவர் பயந்துவிட்டார். சொன்னதைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது எழுதித்தான் கொடுக்கிறேன். அதில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் அடைப்பு இவை சேர்ந்து வந்தால் இரவானாலும் வா. இடுப்புக்குள் கிருமி பரவுவது வெகு அபூர்வம், ஆனால் வந்தால் காத்திருக்காது.

ஆறு வாரம் கழித்து 7 மணிக்கு ஒரு வளையம். அது அமைதியாக முடிந்தது.

தட்டும் கழிப்பறையும்

ஒரு நாள் சாப்பாட்டை எழுதச் சொன்னேன். காலை தோசை, பகலில் வெள்ளைச் சோறும் மீனும், மாலை தேநீர்க் கடையில் பொரித்த பலகாரம், இரவு மீந்த தோசை. காய்கறி விற்கிறவர்கள் தெரு முழுக்க இருக்கும் ஊரில், நாளுக்குப் பத்துக் கிராம் நார்ச்சத்துகூட வயிற்றுக்குள் போகவில்லை. தேவை 25 முதல் 30 கிராம். நூறு கிராம் வெள்ளைச் சோற்றில் அரை கிராம் கிடைத்தால் பெரிது. அதே எடை கொய்யாவில் ஐந்து கிராம்.

கடுமையான பத்தியம் சொன்னால் யாரும் கேட்பதில்லை. இந்த ஊரிலேயே கிடைப்பதைச் சொன்னேன். பர்மியர்கள் சோற்றோடு ஒரு தட்டு நிறையப் பச்சையும் அவித்ததுமான கீரை, காய்களை வைத்து ஙாப்பி என்ற புளித்த மீன் விழுதுத் துவையலில் தொட்டுச் சாப்பிடுகிறார்களே, தோசயா, அது இருக்கையில் நமக்கு வேறு மருந்து எதற்கு? "தோசைய குறைச்சு தோசயாவ கூட்டுங்கண்ணே" என்றேன். இது எங்கள் கிளினிக்கில் இப்போது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. காலையில் பேபியோ, அந்த முளைகட்டி வேக வைத்த பட்டாணி, ஒரு கிண்ணம். மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டால் அதில் வாழைத்தண்டை ஒதுக்காமல் சாப்பிடுவது. மனைவி கருணைக்கிழங்கு மசியல் செய்யலாமா என்றார்; மூலத்துக்குக் கருணை என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்துப் பேச்சு. தாராளமாகச் செய்யலாம், கிழங்கிலும் நார் இருக்கிறது. துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவதை மட்டும் புண் ஆறும் வரை வேண்டாம் என்றேன்.

மிளகாயைப் பற்றிக் கேட்காத தமிழர் இல்லை. 2006இல் இத்தாலியில் மூலம் உள்ளவர்களுக்கு மிளகாய்த் தூள் மாத்திரையும் வெற்று மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள்; வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆசனவெடிப்பு இருந்தால் காரம் எரிக்கும், அது வேறு கதை. மூன்று வருடமாகச் சட்னியில்லாமல் தோசை தின்ற அந்த மனிதர், இதைக் கேட்டதும் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

கழிப்பறைதான் கடினமாக இருந்தது. மகன் வாங்கிய வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை. கடை முடிந்து வந்தால் கைபேசியோடு அரை மணி நேரம் அங்கேதான். குறுகிய வீட்டில் அவருக்கென்று இருந்த தனியிடம் அது ஒன்றே. நாற்காலியில் உட்கார்வது போலில்லை அது. அடியில் தாங்கல் இல்லாத ஓட்டையில் மெத்தைகள் தொங்கிக்கொண்டே இருக்கும். கொலோனோஸ்கோப்பிக்கு வந்த 125 பேரைக் கேட்டு 2025இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கழிப்பறைக்குக் கைபேசி கொண்டுபோகிறவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகமாக இருந்தது. கைபேசிதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து அறுதியிட முடியாது. நேரத்தை மறக்கடிக்கிறது என்பதற்கு ஆய்வே வேண்டாம்.

"போனை வெளிய வச்சுட்டுப் போங்க" என்றேன். சரி என்றார். அடுத்த முறை கேட்டால், இல்லை. ஏன்? "கரண்டு இருக்காதே சயாமா. போன்தானே வெளிச்சம்." மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று அட்டவணை பார்த்து வாழும் ஊரில் இது எனக்குத் தோன்றாமல் போனது வெட்கம்தான். ஒரு சின்ன மின்கல விளக்கை வாங்கிக் கழிப்பறை ஆணியில் மாட்டினார்கள். கால் வைக்க ஒரு மரப் பலகை. முழங்கால் இடுப்புக்கு மேலே எழும்பினால் குத்தவைத்த நிலைக்குப் பாதியாவது வரும். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு மாதத்தில் பழக்கமாயின.

பின்தொடர்தல்

இரும்பு ஊசிக்குப் பின் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மாத்திரை. தினமும் கொடுப்பதைவிட இப்படிக் கொடுத்தால் குடல் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சுகிறது; இவருக்கு மலமும் இறுகவில்லை. ஆறாம் மாதம் ஹீமோகுளோபின் 13.1, சிவப்பணுப் பருமன் 84. பாட்டி வழிச் சந்தேகத்தை அதோடு விட்டேன். அரிசி மெல்லும் பழக்கம் அதற்கும் வெகு முன்பே, ஊசி போட்ட இரண்டாம் வாரத்திலேயே, தானாக நின்றுபோனதாக மனைவி சொன்னார்.

பதினான்காவது மாதம் 11 மணி மெத்தை மறுபடி எட்டிப் பார்த்தது. மோல்மேனுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்திருக்கிறார். இசப்கோலை மறந்துவிட்டார், பேருந்துப் பயணத்துக்குப் பயந்து தண்ணீரும் குடிக்கவில்லை. இரண்டாம் சொட்டிலேயே வந்துவிட்டார். மூன்று வருடம் காத்திருந்தவர் மூன்று நாளில் வந்தார். மனைவியைக் கூட்டி வரவில்லை, 'சின்ன விஷயம்' என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் "பதினோரு மணிக்காரன் வந்துட்டான்" என்றார். ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வருடம் காப்புக் கட்டினார்.

பாக்கி இருப்பது வெளியே உள்ள தோல் மடிப்பு. நோய் இல்லை, வலி இல்லை, கழுவும்போது கொஞ்சம் இடைஞ்சல். அதை எடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். "அதுக்காவது லேசர் வச்சுக்கலாமே சயாமா" என்கிறார். தடிஞ்யுட் விளக்குத் திருவிழா விடுமுறை முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.